சோற்று மணி அடிக்காத பள்ளிக்கூடம்

தமிழ்த் தொலைக்காட்சியில் பள்ளிப் பிள்ளைகளின் கதை என்றதும் எல்லோர் நினைவிலும் எழுவது 'கனா காணும் காலங்கள்'. 2006ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடர், மாமியார் மருமகள் பூசலையே பெரிதும் நம்பியிருந்த மாலைப் பொழுதுகளில் சீருடை அணிந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்காக அதனைப் பாராட்டத்தான் வேண்டும். 2011இல் அதே பெயர் ஒரு கல்லூரிக் கதைக்குச் சூட்டப்பெற்றது. 2022இல் இணையத் திரையில் அது மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே திரும்பியது. பதினாறு ஆண்டுகளில் மும்முறை கடை விரித்தார்கள். மூன்று முறையும் முகப்பில் வைத்த சரக்கு ஒன்றுதான்: நட்பு, பிணக்கு, காதல், பிறகு காதலால் பிணக்கு, பிணக்குத் தீர்ந்து நட்பு.

நான் கேட்பது எளிய கேள்வி. இந்தப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எப்போது சாப்பிடுகிறார்கள்?

இது விளையாட்டாகக் கேட்ட கேள்வியன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு இக்கேள்வியின் எடை விளங்கும். கோபி, ஈரோடு செல்லும் வண்டிகளில் பெட்டியும் படுக்கையுமாக ஏறுகின்ற பிள்ளைகளுள் பாதிப் பேர் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் செல்பவர்கள். தாய்மார் கையில் தூக்குப்போசி. அதற்குள் அரிசிம்பருப்புச் சாதமோ, கறிக்குழம்போ. பையில் எள்ளுருண்டையும் முறுக்கும். 'இதை ரூம்ல எல்லாருக்கும் குடுத்துட்டு நீ பட்டினி கெடக்காதே கண்ணு' என்று ஒரு தாய் மகனுக்குச் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்ற நகைச்சுவையும் துயரமும் மூன்று தொடர்களையும் சேர்த்துப் பிழிந்தாலும் கிடைக்குமா என்பது ஐயமே.

கொங்கு நாட்டில் விடுதிப் பள்ளி என்பது ஏதோ மலைவாசத்தலத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் சமாசாரம் அன்று. உழவர் வீட்டுப் பிள்ளை, விசைத்தறி வைத்திருப்பவர் பிள்ளை, துபாயில் இருக்கும் அத்தாவின் பிள்ளை ஆகிய எல்லோரும் சந்திக்கின்ற இடம் அது. தமிழ்நாட்டில் பல்லாயிரம் பிள்ளைகள் தம் பதினாறாம் வயதையும் பதினேழாம் வயதையும் கழித்த இடத்தை, தமிழ்த் திரை ஒரு நல்ல நகைச்சுவைத் தொடருக்குக் களமாக்கவே இல்லை. அதுவே என் முதற்குற்றச்சாட்டு. இனி ஒருவர் எடுப்பாராயின், அதன் முதற்பருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

மேல்நாட்டார் இந்தப் பாடத்தை அடிபட்டே கற்றார்கள். அமெரிக்காவில் 1979 ஆகஸ்டில் என்.பி.சி. நிறுவனம் 'தி ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப்' என்றொரு தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ஈஸ்ட்லேண்ட் என்னும் கற்பனையான பெண்கள் விடுதிப் பள்ளி; பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மாதாக, கேரட் அம்மையார் என்ற பாத்திரத்தில் சார்லட் ரே என்ற நல்ல நடிகை. எல்லாம் இருந்தும் முதற்பருவம் எடுபடவில்லை. காரணம் கண்கூடு. அரை மணிக்கும் குறைந்த நேரத்துக்குள் 7 பெண் பிள்ளைகள், ஒரு தலைமையாசிரியர், விடுதித் தாய் என்று ஆட்கள் முண்டியடித்தார்கள். ஆளுக்கு இரண்டு வசனம் பேசுவதற்குள் மணி அடித்துவிடும். யார் எவர் என்று முகம் பதிவதற்குள் கதை முடிந்துவிடும். முதற்பருவத்தின் 13 கதைகளும் இப்படியே போயின.

அதன்பின் அவர்கள் செய்ததைத்தான் நம் தொடர்க்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். 1980இல் இரண்டாம் பருவத்தைத் தொடங்குகையில் 7 பிள்ளைகளுள் நால்வரை விலக்கினார்கள். (விலக்கப்பட்டவர்களுள் ஒருவர்தாம் பின்னாளில் பெரும் திரை நட்சத்திரமான மாலி ரிங்வால்ட். ஆக, வெட்டியது திறமையின்மையை அன்று, கூட்டத்தை.) எஞ்சிய மூவரோடு ஜோ என்ற புதிய பெண்ணைச் சேர்த்தார்கள். அவள் நியூயார்க்கின் உழைக்கும் மக்கள் பகுதியாகிய பிராங்க்ஸிலிருந்து உதவித்தொகை பெற்று வந்தவள். ஏற்கெனவே அங்கிருந்த செல்வந்தர் மகளாகிய பிளேருக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளியின் வேனை அனுமதியின்றி எடுத்துச் சென்று வம்பில் மாட்டிக்கொண்ட நால்வரும், நேர்ந்த நட்டத்தை உழைத்து ஈடுகட்ட வேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது. எங்கே உழைப்பது? பள்ளியின் உணவுக்கூடத்தில்! தங்குவதும் நால்வரும் ஒரே அறையில். கேரட் அம்மையாரும் பிள்ளைகளின் உணவைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

கதையைச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோனார்கள், தொடர் பிழைத்தது. 1988 வரை 9 பருவங்கள் ஓடிற்று.

அவர்கள் காதலைக் கூட்டவில்லை, பாட்டைக் கூட்டவில்லை, கதாநாயகனைப் பறக்கவிடவில்லை. ஆளைக் குறைத்து, இடத்தைச் சுருக்கி, பணக்காரியையும் ஏழையையும் ஒரே தொட்டியில் தட்டுக் கழுவ வைத்தார்கள். நகைச்சுவைத் தொடரை ஆங்கிலத்தில் 'சிட்காம்' என்கிறார்களே, அதன் பொருள் சூழ்நிலையிலிருந்து பிறக்கும் நகைச்சுவை என்பதாகும். விடுதியில் சூழ்நிலை எது? வெளியே போக முடியாது; பிடிக்காதவனோடு ஒரே அறையில் படுக்க வேண்டும்; நாலு குழாய்க்கு நாற்பது வாளி வரிசை; மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் உண்ண வேண்டும். தப்பிக்க வழியில்லாத இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் படும் பாடுதான் அதன் சிரிப்பு. நம் தொடர்க்காரர்களோ மணி அடித்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் தேநீர்க் கடைக்கும் கடற்கரைக்கும் போய்விடுகிறார்கள். பிறகு சூழ்நிலை ஏது, நகைச்சுவை ஏது? துணுக்குத் தோரணம்தான் மிஞ்சும்.

'எங்கள் விடுதிப் பள்ளிகளில் படிப்பைத் தவிர ஒன்றுமில்லையே, அதில் என்ன சிரிப்பு?' என்பார்கள். ஐயா, அந்தப் படிப்பிலேயே ஒரு பருவத்துக்குரிய சிரிப்பு இருக்கிறது. நாமக்கல் வட்டாரப் பள்ளிகளை மக்கள் 'பிராய்லர் பள்ளி' என்று அழைத்தார்கள். முட்டைக்கும் கறிக்கோழிக்கும் பெயர்பெற்ற மாவட்டமாதலின் பெயர் பசையாக ஒட்டிக்கொண்டது. அங்கே பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடநூல் பெட்டிக்குள்ளேயே புத்தம் புதிதாக இருக்கும். இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துவார்கள். மாநில முதலிடம் வேண்டுமே! 2017இல் இரு மாற்றங்கள் வந்தன. தரவரிசை வெளியிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 2017–18 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவிக்கப்பட்டது. அவ்விரண்டும் நிகழ்ந்தபோது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த செங்கோட்டையன், எங்கள் பக்கத்து ஊராகிய கோபிசெட்டிபாளையத்தின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் என்பது இங்கே சொல்லத்தக்கது. அதே ஆண்டில் நீட் தேர்வும் தமிழ்நாட்டில் கட்டாயமாயிற்று.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். நுழைவாயிலில் ஆளுயர விளம்பரப் பலகை. அதில் மாநில முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்கள். ஒருநாள் காலையில் முதலிடம் என்ற ஒன்றே இல்லை என்று ஆகிவிடுகிறது. பலகையில் இனி யார் படத்தைப் போடுவது என்று தாளாளர் கூட்டம் போடுகிறார். இரண்டாண்டாகத் திறக்காத பதினோராம் வகுப்பு நூலைத் தேடி ஆசிரியர் மாணவர்களிடமே கைமாற்றுக் கேட்கிறார். இதைவிடச் சூழ்நிலை வேண்டுமா? இது நம் மாவட்டங்களில் நடந்த வரலாறு, எவனும் எழுதவில்லை.

வடக்கே எழுதினார்கள். 2019இல் இந்தியில் வந்த 'கோட்டா ஃபேக்டரி' இராஜஸ்தானத்துக் கோட்டா நகரின் நுழைவுத்தேர்வுப் பயிற்சி வாழ்வை எடுத்துக்கொண்டது. முதற்பருவத்தில் 5 கதைகளே. கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள், பொருத்தமான துணிச்சல். விடுதிச் சாப்பாட்டையும், தரம் பிரித்த வகுப்புகளையும், அறையில் தனித்துக் கிடக்கும் பிள்ளையின் மனத்தையும் காட்டினார்கள். எனக்கு அத்தொடரில் குறையும் உண்டு. அதில் வரும் ஜீத்து அண்ணன் என்ற ஆசிரியர் ஏறக்குறைய ஒரு மகானாகவே உலவுகிறார். அவர் வாய் திறந்தால் உபதேசம்; பிள்ளைகள் வாய் பிளந்தால் சீடத்துவம். நகைச்சுவைக்கு மகான்கள் ஆகார். ஆயினும் தம் மண்ணில் உள்ள ஒரு துன்பத்தைத் தம் மொழியில் அவர்கள் சிரித்துச் சொன்னார்கள். கோட்டாவுக்கு எவ்விதத்திலும் குறையாத நாமக்கல்லை வைத்திருக்கும் நாம் இன்னும் சென்னைப் பள்ளி மாடியில் காதல் கடிதம் மடித்துக்கொண்டிருக்கிறோம்.

காதலே கூடாது என்று நான் வாதிடவில்லை. பதினாறு வயதில் மனம் சலனப்படும். அதை மறைப்பது பொய். ஆனால் அந்த வயதில் மனத்தில் வேறொன்றுமே இல்லை என்று காட்டுவது அதைவிடப் பெரிய பொய். பசி இருக்கிறது. கணக்கு வாத்தியாரின் மீது அச்சம் இருக்கிறது. அண்ணனைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிவிட்டோமே என்ற குமுறல் இருக்கிறது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது அழக்கூடாதே என்ற வைராக்கியம் இருக்கிறது. ஆர்.கே. நாராயணன் படைத்த சுவாமியை ஷங்கர் நாக் 1980களில் தூர்தர்ஷனுக்கு எடுத்துக் கொடுத்தாரே, 'மால்குடி டேஸ்', அதில் சிறுவனின் பெருங்கவலைகள் பள்ளிக்கூடமும் கிரிக்கெட் மட்டையும் தந்தையின் கோபமும்தாம். வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்து பார்த்தார்கள்.

இவ்விடத்தில் நம் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'இந்தச் சனியனைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது' என்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போகும் பெரியவர்கள், அதே பிள்ளை போர்வைக்குள் கைப்பேசியில் அதே தொடரைப் பார்ப்பதை அறியமாட்டார்கள். அல்லது அறிந்தும் அறியாதவர்போல் இருப்பார்கள். நல்லது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கெட்டது வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். கேட்காத வீட்டுக்கு யார் சமைத்துப் போடுவார்கள்? விடுதி வாழ்வு நம் சமூகத்துக்குப் புதிதா? வேலூர் பாக்கியாத்தில் ஓதப் போன பாட்டனார்களும், 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியின் விடுதியில் இருந்து படித்த தந்தையரும் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் கூடி அமர்ந்தால் சொல்வதெல்லாம் மெஸ் கதைதான். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துக் கண்ணீர் துடைத்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், விடுதிக் கதைக்கு எது உயிர் என்பது.

அப்படியொரு தொடர் வந்தால் அதில் நம் பிள்ளை எப்படி வருவான் என்பதை நினைத்தால்தான் எனக்கு நடுக்கம். தமிழ்த் திரையின் 'பாய்' நெடுங்காலமாக 'நம்பள், நிம்பள்' என்று பேசிக்கொண்டிருந்தார். பிரியாணிச் சட்டியோடு வந்தார். நட்புக்காக உயிரை விட்டார் அல்லது வேறு விதமாகப் பிறர் உயிரை எடுத்தார். சத்தியமங்கலத்து ராவுத்தர் வீட்டுப் பையன் பேசுவது பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் வீட்டுப் பையன் பேசும் அதே கொங்குத் தமிழ். அவனுக்கும் 'ஏனுங்க', 'போச்சாதுங்க' தான். தந்தையை 'அத்தா' என்பான், வித்தியாசம் அவ்வளவே. அந்தக் கொங்குத் தமிழும்கூடத் திரையில் படாத பாடு படுகிறது. 'சதிலீலாவதி'யில் 1995இல் கோவை சரளா அந்தப் பேச்சை ஒரு முழு மனுஷியின் பேச்சாகவே பேசிக் காட்டினார். அதன்பின் வந்தவர்கள் அந்த இழுப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், மனுஷியை விட்டுவிட்டார்கள். கொங்குத் தமிழ் பேசினால் சிரிப்பு வந்துவிடும் என்று நம்புகிற எழுத்தாளருக்கு முதற்பருவத்தில் வேலை கொடுக்கக் கூடாது.

நோன்பு மாதத்தைச் சொல்கிறேன். அது இவ்வாண்டுகளில் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டி வருகிறது. விடுதியில் நம் பிள்ளை ஒருவன் நோன்பு பிடிக்க விரும்புகிறான். வைகறைக்கு முன்பே ஸஹர் உணவு வேண்டும். வார்டனிடம் அனுமதி கேட்கிறான். அவர் சமையற்காரரிடம் தள்ளுகிறார். சமையற்காரர் 'ஒருத்தனுக்கு அடுப்பு மூட்ட முடியாதுங்க தம்பி, ஒரு பத்துப் பேராவது வேணும்' என்கிறார். அறையிலிருக்கும் நண்பர்கள் தாமாகவே பெயர் கொடுக்கிறார்கள். நட்பினாலா? ஓரளவு. பெரிதும், அந்த நேரத்தில்தான் சோறு சூடாக இருக்கும் என்பதனால்! மறுவாரம் பட்டியல் நாற்பதாகிறது. பகலிலும் அவர்கள் மெஸ்ஸுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். கணக்கு இடிக்கிறது. வார்டன் விசாரணை வைக்கிறார். இந்தக் கதையில் ஒற்றுமை பற்றி ஒருவரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. மதம் பற்றி ஒரு வசனமும் தேவையில்லை. ஆனால் எத்தனை இந்து வீடுகளில் 'ஸஹர்னா என்ன?' என்று பிள்ளைகள் கேட்பார்கள்!

கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு; அதனைத் தாண்டிப்போவது நேர்மையாகாது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி இறந்ததும், அதைத் தொடர்ந்து அப்பள்ளி தீக்கிரையானதும் யாரும் மறக்கக்கூடியவை அல்ல. பிள்ளைகள் உயிரையே இழக்கின்ற இடத்தை வைத்துச் சிரிப்பதா என்று கேட்கிறார்கள். கேள்வியில் வேதனை இருக்கிறது, மதிக்கிறேன். ஆனால் விடுதியைப் பற்றிப் பேசாமலிருந்த இத்தனை ஆண்டுகளில் எந்தப் பிள்ளைக்கு நன்மை விளைந்தது? வீட்டுக்குப் பேசும்போது அருகில் ஆள் நிற்க, 'நல்லா இருக்கேம்மா' என்று மட்டும் சொல்லப் பழகிய பிள்ளைகள் அவர்கள். தன்னைப் போன்ற ஒருவன் திரையில் அதே பொய்யைச் சொல்வதைக் கண்டு வீட்டார் சிரிக்கும்போது, விடுமுறையில் வந்திருக்கும் பிள்ளை சிரிக்காமல் இருக்கலாம். அதை ஒரு தாய் கவனிக்கலாம். நீதிவிசாரணை செய்ய முடியாத வேலை இது.

ஆகையால் வார்டனைப் பற்றி எச்சரிக்கை தேவை. அவரைக் கோமாளியாக்கிவிட்டால் பிள்ளைகளின் அச்சம் பொய்யாகிவிடும். அரக்கனாக்கிவிட்டால் சிரிப்புப் போய்விடும். உண்மையில் அவர் யார்? பெரும்பாலும் வேறு வேலை கிடைக்காத ஒரு பட்டதாரி. தம் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு, முந்நூறு பேர் பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டுத் தாம் உறங்காமல் இருக்கும் ஒருவர். அவரும் அந்த விடுதியில் அடைபட்டவர்தாம். கேரட் அம்மையாரைக் கண்டுபிடித்த அமெரிக்கத் தொடரின் சாமர்த்தியம் இதுவே: பெரியவருக்கும் ஒரு முகம் கொடுத்தது. நம் தொடர்களில் ஆசிரியர் என்றால் ஒன்று திட்டுவார், அல்லது திருந்துவார்.

களத்தை நாமக்கல்லில்தான் வைக்க வேண்டும் என்பதுமில்லை. எங்கள் ஊரிலிருந்து பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால், மேலே ஊராளிகள், சோளகர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பெயரிலேயே உண்ணுதலை முதலில் வைத்த பள்ளிக்கூடம் உலகில் வேறெங்கே உண்டு? பெயர் வைத்த அதிகாரிக்கு இருந்த விவேகம் தொடர் எழுதுவோருக்கு இல்லாமற்போயிற்றே! அங்கிருந்து ஒரு சோளகர் வீட்டுப் பெண் உதவித்தொகையில் கீழே உள்ள கட்டணப் பள்ளி விடுதிக்கு வருகிறாள் என்று வையுங்கள். அவளுக்கு அறைத்தோழி, ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் மகள். மூன்றாமவள் எங்கள் ஊர்ப் பூ வியாபாரி ஒருவரின் மகளாக இருக்கட்டும். அவள் தகப்பனார் பாய்தான். அதை எட்டாவது கதை வரை யாரும் சொல்ல வேண்டாம். நான்காமவள் யார் என்பதை எழுதுவோர் முடிவு செய்யட்டும். நால்வருக்கு மேல் வேண்டாம். 13 கதை போதும். காதலர் எவரும் முதல் பத்துக் கதைக்குள் சுற்றுச்சுவரைத் தாண்டி வரக் கூடாது. பின்னணியில் சிரிப்பொலி சேர்க்கும் கருவியை யாரும் தொடக் கூடாது. பார்ப்பவர்க்கு எங்கே சிரிப்பது என்று தெரியும்.

முதற்காட்சியில் பள்ளியின் முகப்பும் வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம். அதிகாலை நாலரை மணி. இன்னும் மணி அடிக்கவில்லை. சமையற்கட்டில் முந்நூறு பேருக்கு உப்புமா கிளற உலை வைத்துவிட்ட அம்மாளுக்கு அப்போதுதான் தெரிகிறது, நேற்று இரவே யாரோ பூட்டைத் திறந்து ரவை மூட்டையில் பாதியை எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று.